எல்லை வராத டாக்ஸி

சோலையப்பன் ஏறிப் போன டாக்ஸிக்கு எல்லை வந்து சேரவில்லை என்ற செய்தி அஷைமான் டாக்ஸி நிலையத்துக்கு மாலை நாலு மணி வாக்கில் வந்தபோது, அங்கே மரத்தடியில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை, தலையில் கை வைக்கவில்லை, "யாரு வண்டி?" என்று ஒருவர் கேட்டார், "மாவுலி வண்டி" என்று இன்னொருவர் சொன்னார், "அப்ப நாளைக்கு அவர் முறைக்கு வேற வண்டிய விடணும்" என்று மூன்றாமவர் எழுந்து போய்ப் பலகையில் பெயரை அழித்து எழுதினார். டயர் வெடிக்கும், ஆறு பெருகும், தகரம் ஏற்றிய லாரி குறுக்கே கவிழும், எல்லை சில சமயம் வராமல் போகும். சாலை என்று ஒன்று இருந்தால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்.

அஷைமானிலிருந்து அஃப்லாவோ மூன்று மணி நேரப் பயணம். அஃப்லாவோவில் கானா நாடு முடிகிறது. சிவப்பும் வெள்ளையும் பூசிய குறுக்குத் தடியைத் தாண்டிக் காலை வைத்தால் டோகோ நாடு, வைத்த கால் நிற்கிற இடமே அதன் தலைநகரான லோமே. அந்தத் தடியை நோக்கித்தான் திங்கட்கிழமை காலை மாவுலியின் பழைய டொயோட்டா, ஷேர் டாக்ஸிச் சட்டப்படி கடைசி இடமும் நிரம்பிய பிறகு, ஒரு பெருமூச்சு விட்டுக் கிளம்பியது. முன் இருக்கையில் மதாம் அஃபி: லோமே சந்தையில் துணி விற்கிறவர், அஷைமானில் மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர், ஆள் ஒன்றுதான், இடம் ஒன்றரை. பின் இருக்கையில் மிஸ்டர் டெட்டே: கால்பந்து நடுவர், ஞாயிற்றுக்கிழமை லோமேயில் ஓர் ஆட்டத்துக்குப் போகிறவர், தூங்கும்போதும் விசிலைக் கழுத்தைவிட்டுக் கழற்றாதவர். அவர் பக்கத்தில் கஃபுயி என்கிற நர்ஸ் பெண். சனிக்கிழமை லோமேயில் அவள் அக்காவுக்குக் கல்யாணம். ஜன்னலோரம் நம்ம சோலையப்பன், அருப்புக்கோட்டைக்காரன். பின் இருக்கையில் நாலாவது ஆள் உட்கார வேண்டிய இடத்தில் மதாம் அஃபியின் புகைபோட்ட மீன் கூடைகள் மூன்று உட்கார்ந்திருந்தன, அவற்றுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கியிருந்த கம்பீரத்தோடு.

சோலையப்பன் அஷைமானுக்குப் பக்கத்து ஊரான டெமாவில் ஒரு சாக்குத் தறி ஆலையில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். இரண்டு மாதத்துக்கு முன் அந்த ஆலை மூடிவிட்டது. லோமேயில் ஓர் ஆலைக்காரர், இரண்டு வருஷ ஒப்பந்தம், உடனே வா என்று சொல்லியிருந்தார். முழுப்பெயர் அந்த நாட்டு நாக்கில் ஏறாததால் எல்லோருக்கும் அவன் 'மிஸ்டர் சோலோ'. பதினோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பெயருக்குப் பொருத்தமாகத் தனியாகக் கிளம்பியிருந்தான்.

டெனு ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, வலது கைப்பக்கம் கடல் சத்தம். தூரத்தில் தடி தெரிந்தது, இரண்டு கொடிகள் தெரிந்தன, நீலத் தகரம் போட்ட அலுவலகம் தெரிந்தது. தெரிந்தது தெரிந்தபடியே இருந்தது. டாக்ஸி ஓடியது, மீட்டர் முள் அறுபதைக் காட்டியது, தென்னைகள் பின்னால் போயின, பின்னால் வந்த லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் ஹாரன் அடித்து முந்திப் போய்த் தடிக்கு அப்பால் மறைந்தன, ஓர் ஆட்டு மந்தைகூட முந்திப் போனது. இந்த வண்டிக்கு மட்டும் எல்லை அதே தூரத்தில் நின்று, வா வா என்று சொல்வதுபோல் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மாவுலி வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பானெட்டைத் திறந்து பார்த்து, மூடினார். "வண்டியில ஒண்ணும் இல்ல" என்றார். மிஸ்டர் டெட்டே, மைதானத்தை அளந்து பழகிய மனிதர், நான் நடந்து பார்க்கிறேன் என்று இறங்கி எழுநூறு எட்டு வைத்து நடந்தார். திரும்பிப் பார்த்தார், டாக்ஸி எழுநூறு எட்டு பின்னால் இருந்தது. முன்னால் பார்த்தார், எல்லையும் எழுநூறு எட்டு முன்னால் இருந்தது. திரும்பி வந்து, "ரெண்டும் சரியா இருக்கு" என்றார். பிறகு வேறொரு வண்டியில் தொற்றி ஏறிப் பார்த்தார். அரை மணி நேரம் அந்த வண்டியும் நின்ற இடத்திலேயே ஓடியது, ஏறியிருந்தவர்கள் விஷயம் தெரிந்துகொண்டு அவரை மரியாதையாக இறக்கிவிட்டார்கள், இறக்கிவிட்ட மறு நிமிஷம் தடியைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒரே டாக்ஸியில் ஏறியவர்களுக்கு ஒரே தலையெழுத்து. பின்னால் போகத் தடையொன்றும் இல்லை. டெனுவுக்குப் போய்த் தூங்கலாம், குளிக்கலாம், விடிந்ததும் மறுபடி வந்து எல்லையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

அப்படியே உட்கார்ந்தார்கள். இரண்டாம் நாள், அபொலோ விற்கிற ஒரு பெண் தன் அடுப்பையும் பலகையையும் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். அபொலோ என்பது மக்காச்சோள மாவில் அவிக்கிற ஒரு பண்டம், இட்லிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சோலையப்பன் சொல்வான், இட்லியைக் கட்டிக்கொடுத்த இடத்துச் சம்பந்தி என்று அவன் மனைவி பொன்னுத்தாய் திருத்துவாள். மூன்றாம் நாள் ஃபோனுக்குக் காசு ஏற்றிவிடுகிற குடைக்கடை ஒன்று முளைத்தது. ஓட்டுநர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, மாவுலியின் கையைக் குலுக்கி, அந்த இடத்துக்கு 'எல்லை வரும்வரை' என்று ஒரு பலகை எழுதி நட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து மற்ற டாக்ஸிகள் அங்கே ஒரு நிறுத்தம் போட்டன. டோகோ பக்கத்துக் குடியேற்ற அதிகாரி மிஸ்டர் கொஸி, வேலை முடிந்த பிறகு சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தார். "முத்திரையக் கையில எடுத்துட்டு வந்திருப்பேன்" என்று வருத்தத்தோடு சொன்னார், "ஆனா எங்க மேசையில வெச்சுக் குத்தினாத்தான் அது முத்திரை. இங்க வெச்சுக் குத்தினா அது வெறும் மை." எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அவர் இரண்டு அபொலோ சாப்பிட்டுவிட்டுப் போனார், மறுநாளும் வந்தார்.

மீன் கூடைகளில் ஒன்றை மதாம் அஃபி அங்கேயே விற்றுத் தீர்த்தார், இன்னொன்றை எல்லோருமாகத் தின்று தீர்த்தார்கள். லோமே ஆலைக்காரர் ஃபோனில், "எல்லைதானே வரல, ஆள் நல்லாத்தானே இருக்க? பத்து நாள் பொறுக்கிறேன்" என்றார்.

ஆனால் மாவுலி நாற்பது வருஷமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறவர், அவருக்குத் தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரையும் தென்னை நிழலில் உட்கார வைத்தார். "சாலைக்கு வண்டி மேல கோபம் வராது" என்றார். "ஆள் மேலதான் வரும். நம்மள்ல யாரோ ஒருத்தர் வீட்ட விட்டுத் தப்பாக் கிளம்பி வந்திருக்கோம். ஒவ்வொருத்தரும் வாசல்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க, சொல்லுங்க."

மதாம் அஃபி மகளிடம் சொன்னதைத் தன் எவே மொழியில் சொல்லிக் காட்டினார்; போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். "பொறந்த ஊருக்குத்தான் திரும்பிப் போறேன், அப்பவும் அதத்தான் சொல்லுவேன். வேற என்ன சொல்லுவாங்க?" மிஸ்டர் டெட்டே அம்மாவிடம் 'ஐம் கமிங்' என்று சொல்லிக் கிளம்பியிருந்தார். கஃபுயியும் அதையேதான் வார்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இந்த ஐம் கமிங் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சோலையப்பன் கானாவுக்கு வந்த முதல் வாரம், ஒரு வங்கியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவனைப் பார்த்துச் சிரித்து, "ஐம் கமிங்" என்று சொல்லிவிட்டு எழுந்து போயே போய்விட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாளே, இதென்ன கூத்து என்று ஒரு கணம் திகைத்தவன், அடுத்த கணம் அந்த வங்கி நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். அட, நம்ம ஊரிலும் எழுந்து போகிறவன் வரேன் என்றுதானே சொல்கிறான்! சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து, "பொன்னு, இது நம்ம ஆளுங்க ஊருதான், பயப்படாத" என்று சொன்னான். அவளுக்கு அந்த நாட்டின் மேல் இருந்த பயம் அன்றைக்குப் போனதுதான்.

அப்படிப்பட்டவன் முறை வந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டு, "நானும் அதேதான்" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். மாவுலி அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப சாலைதான் கணக்குத் தப்பிப் போச்சுபோல" என்று எழுந்துகொண்டார்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை விடியக்காலம், பெட்டி கட்டியாகிவிட்டது. ஒரு பெட்டி. இன்னொரு பெட்டி கட்டிலுக்கு அடியில் வாயைத் திறக்காமல் கிடந்தது.

"ஒன் பொட்டியையும் எடுன்னு மூணு நாளாச் சொல்றேன்" என்றான் சோலையப்பன்.

"நான் வரலன்னு மூணு நாளாச் சொல்றேன்" என்றாள் பொன்னுத்தாய். "கோயமுத்தூருன்னீங்க, வந்தேன். சூரத்துன்னீங்க, வந்தேன். கடல் தாண்டி இங்கன்னீங்க, வந்தேன். ஒங்க பொட்டிக்குப் பின்னாடியே என் பொட்டியும் வந்துச்சு. இப்ப எனக்குன்னு ஒரு தையக்கட இருக்கு, மூணு பொம்பளைக என்னய நம்பி வந்து மிசின்ல உக்காருதுக, வாசல்ல என் பேரு போட்டு ஒரு போர்டு தொங்குது. அதக் கழட்டி ஒங்க பொட்டிக்குள்ள வைக்கச் சொல்றீகளா?"

"போர்டு சோறு போடுமா?"

"ரெண்டு மாசமா அதுதான போடுது."

உண்மை சுடும் என்பார்கள். ரெண்டு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளையைக் கொஞ்சம் கூடுதலாகவே சுடும். சோலையப்பன் பெட்டியைத் தூக்கினான். இருபத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில், ரேஷன் கடைக்குப் போனாலும் கப்பலேறிப் போனாலும், சண்டை போட்டுக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குப் போனாலும்கூடச் சொல்லாத ஒரு சொல்லை வாசலில் நின்று சொன்னான்.

"அப்ப நான் போறேன்."

பொன்னுத்தாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. சாவு வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்புகிறவன்தான் வரேன் என்று சொல்லக்கூடாது. மற்றபடி உயிரோடு இருக்கிற எவனும் போறேன் என்று சொல்ல மாட்டான். ஆனாலும் அவளும் அருப்புக்கோட்டைக்காரிதானே, அந்த வீம்பு எங்கே போகும்.

"போங்க" என்றாள்.

சனிக்கிழமை வந்தது, கஃபுயியின் அக்கா கல்யாணம் நடக்கவில்லை. தங்கை வராமல் மணக்கோலத்தில் நிற்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். தாய் தகப்பன் இல்லாத இரண்டு பெண்கள், ஒருத்திக்கு ஒருத்தி. புதன்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்ப்பவன், வியாழக்கிழமை அவன் கப்பல் புறப்படுகிறது, திரும்ப ஏழு மாதம் ஆகும். அவன் நல்ல பிள்ளை, தானே தடியைத் தாண்டி வந்து கஃபுயியிடம், "நீ மெதுவா வா, நான் வேணா கப்பல விட்டுடறேன்" என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நடுவர் வராவிட்டால் என்ன, ஆட்டம் நடுவரிடம் வரும் என்று இரண்டு அணிகளும் லோமேயிலிருந்து கிளம்பி வந்து தென்னந்தோப்பு மணலிலேயே விளையாடின. இரண்டு நாட்டு ஜனமும் திருவிழாபோலக் கூடி நின்றது. மாவுலி வண்டிக் கூரைமேல் ஏறி நின்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், கஃபுயியைத் தவிர. அவள் வண்டிக்குப் பின்னால், அக்காவுக்காகத் தைத்து எடுத்து வந்திருந்த மஞ்சள் உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். அந்த உடுப்பின் கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் சோலையப்பனுக்குப் பகீரென்றது. அந்தத் தையல் யாருடையது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அஷைமானில் அவ்வளவு நெருக்கமாக ஓரம் அடிக்கிறவள் ஒருத்திதான்.

எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை ஏன் காயுது என்று அவன் ஊரில் சொல்வார்கள். நான் காய்கிறேன், என் வாய்க்கு அது தேவைதான்; இந்தப் பெண் ஏன் காய வேண்டும்? அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை, எல்லோரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்ததும், எழுந்து நின்று சொல்லிவிட்டான்.

"நான்தான். நான் பொண்டாட்டிகிட்ட, போறேன்னு சொல்லிட்டேன்."

"ஐம் கமிங் சொல்லலயா?" என்றார் மிஸ்டர் டெட்டே, காது சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பவர்போல.

"இல்ல. ஐம் கோயிங்."

யாரும் கத்தவில்லை. எட்டு நாள் ஒன்றாகச் சாப்பிட்டவனை எப்படித் திட்டுவது? மதாம் அஃபி மட்டும் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "உசிரோட இருக்கிற மனுஷன் சொல்ற வார்த்தையா அது! அதுவும் கட்டினவகிட்ட!" மிஸ்டர் டெட்டே சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்து, விசிலையும் ஊதி, பிறகு அதே கையால் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். கஃபுயி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் ஃபோனை நீட்டினாள். அவன் ஃபோனில் காசில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நாலு முறை மணி அடித்து நின்றது. ஐந்தாம் முறை பொன்னுத்தாய் எடுத்தாள்.

"பொன்னு, நான்தான். போயிட்டு வரேன்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி ஓடியது. "எட்டு நாளு கழிச்சா?" என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆனால் எல்லை அசைந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கொடி பெரிதானது, தடியின் சிவப்பு நன்றாகத் தெரிந்தது. வண்டியில் பாய்ந்து ஏறி ஓட்டினார்கள், கத்தினார்கள், மதாம் அஃபி டாஷ்போர்டைத் தட்டிப் பாடினார். அப்புறம் எல்லை மறுபடி நின்ற இடத்தில் நின்றுவிட்டது. மிஸ்டர் டெட்டே இறங்கி அளந்தார். முந்நூற்று ஐம்பது எட்டு.

"சரி பாதி" என்றார்.

மாவுலி யோசித்தார். "மிஸ்டர் சோலோ, நீங்க போறேன்னு சொன்னதும் உங்க மதாம் என்ன சொன்னாங்க?"

சோலையப்பன் சொன்னான்.

"அதான பாத்தேன். ஒரு கையி தட்டினா சத்தம் வராது, மீதிப் பாதி அந்தம்மாகிட்ட இருக்கு."

மதாம் அஃபி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். அந்தம்மாவுக்குத் தெரிந்தது எவேயும் பிரெஞ்சும், பொன்னுத்தாய்க்குத் தெரிந்தது தமிழும் சந்தை இங்கிலீஷும். முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது மதாம் அஃபியின் கண் சிவந்திருந்தது, சோலையப்பனைப் பார்த்த பார்வை கொஞ்சம் முறைப்பாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒரு டாக்ஸி வந்து நின்றது. பொன்னுத்தாய் இறங்கினாள். இடுப்பில் தூக்கிச் சொருகிய சேலை, கையில் ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய எலுமிச்சம்பழச் சோறு, தோளில் அளவு நாடா, அவசரத்தில் கழற்ற மறந்தது. முதலில் எல்லோருக்கும் சோறு வைத்தாள். மாவுலிக்கு, மதாம் அஃபிக்கு, நடுவருக்கு, அபொலோக்காரிக்கு, கஃபுயிக்குக் கூடவே ஒரு கை. கடைசியாகத்தான் புருஷனிடம் வந்தாள்.

"இளச்சுட்டீக" என்றாள்.

"நீ மட்டும் என்ன."

"எட்டு நாளா ஒரு ஆளுக்கு ஒல வைக்கத் தெரியல. ரெண்டு பேருக்குப் பொங்கி, ஒரு ஆளு சோத்த அடுத்த வீட்டுக்குக் குடுத்தேன்."

மற்றவர்கள் அவரவர் இலையை ரொம்பக் கவனமாகப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

"பொன்னு, ஒரு வார்த்த சொல்லிரு" என்றான். "எனக்காக இல்ல. அந்தப் புள்ளைக்கு நாளைக்கு அக்கா கல்யாணம்."

"தெரியும். அந்த உடுப்பு நான் தச்சதுதான்." அவள் எல்லையைப் பார்த்தாள், எழுநூறில் பாதி எட்டுத் தொலைவில் அது கொடியை ஆட்டிக்கொண்டு நின்றது. "சொல்லிருவேன். சொன்னா நீங்க போயிருவீக. அதான் வாய் வரல. அன்னைக்கும் அதான். போய்ட்டு வாங்கன்னு சொல்ல வந்த வாயில, வாங்கவை முழுங்கிட்டேன். கோவத்துல இல்லைங்க, பயத்துல."

இருபத்து மூன்று வருஷத்தில் அவள் பயம் என்று சொல்லி அவன் கேட்டதில்லை. வங்கிப் பெண் கதைக்குப் பிறகு அவளுக்குப் பயமே போய்விட்டது என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தான், முட்டாள். "நானும் பயந்துதான் சொன்னேன்" என்றான். "நீ இல்லாம அந்த ஊர்ல என்ன பண்ணுவேன்னு பயம். ஒங்கிட்டச் சொல்லத் தெரியல."

பொன்னுத்தாய் சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தடி வரைக்கும் நானும் வாரேன். அங்க வச்சுச் சொல்றேன். ஏறுங்க."

மிச்சமிருந்த ஒரு மீன் கூடை டிக்கிக்குப் போனது. நாலாவது ஆளாகப் பொன்னுத்தாய் ஏறிப் புருஷனோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாவுலி சாவியைத் திருகினார். ஒன்பது நாள் ஓடியும் வராத எல்லை, இவள் ஏறிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், மேய்ச்சலிலிருந்து வீடு திரும்புகிற மாடு மாதிரி குடுகுடுவென்று எதிரே வர ஆரம்பித்தது. கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் ஒரே பக்கம் போகும்போது பிரிவு எங்கே இருக்கிறது, எல்லைக்கு எதன்மேல் கோபம்? சோலையப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது நாளாக எதற்காகத் தவம் கிடந்தானோ அது கண்ணெதிரே வளர்ந்து வருவதைப் பார்த்து, கடவுளே, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகக்கூடாதா, ஒரு நூறு எட்டு, ஒரு ஐம்பது எட்டு என்று வேண்டிக்கொண்டான். மாவுலி கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். கியரைக் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். அவர் சட்டை செய்யாமல், நடந்து போகிற கோழியும் முந்துகிற வேகத்தில் அந்த முந்நூற்று ஐம்பது எட்டையும் ஓட்டினார். அப்படியும் அது வந்தே விட்டது.

தடிக்கு முன்னால் எல்லோரும் இறங்கினார்கள். பொன்னுத்தாய் கடவுச்சீட்டை எடுத்து வரவில்லை, அவள் இந்தப் பக்கம் நின்றாள். அப்போதுதான் ஒரு காரியம் நடந்தது. மதாம் அஃபி அவள் முன்னால் வந்து நின்று, தாடையை உயர்த்தி, ஒவ்வோர் எழுத்தாகக் கடித்து, "போ-யி-ட்டு வ-ரேன்" என்றார். சொந்த ஊருக்குப் போகிறவர், அஷைமானுக்கு மறுபடி எப்போது வருவாரோ. அடுத்து மிஸ்டர் டெட்டே, விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "போய்ட் வரேன்" என்றார். கஃபுயி மஞ்சள் உடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னாள், அவள் சொன்னதுதான் உச்சரிப்பில் சுத்தம். டாக்ஸிக்குத் தடி வரைதான் ஓட்டம், மாவுலி எங்கும் போகவில்லை, அவரும் சொன்னார். முந்தின நாள் அவன் பேசியது கஃபுயியின் ஃபோனில் பதிவாகியிருக்க, சாயங்காலம் முழுக்க அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு அவர்கள் பழகியிருக்கிறார்கள், சோலையப்பனுக்கே தெரியாது. ஒவ்வொருவருக்கும் பொன்னுத்தாய், "போயிட்டு வாங்க", "போயிட்டு வாங்க", "போயிட்டு வாம்மா" என்று சொல்லச் சொல்ல அவள் குரல் தழுதழுத்தது.

கடைசியில் சோலையப்பன். அது அவன் தாய்மொழி; அவன் வாயிலிருந்துதான் அது வரமாட்டேன் என்றது.

"சொல்லுங்க" என்றாள் பொன்னுத்தாய், அழுகையும் சிரிப்புமாக. "இல்லாட்டி இந்த சனத்த மறுபடி ஒம்பது நாளு ரோட்டுல ஒக்கார வச்சுருவீக."

"போயிட்டு வரேன் பொன்னு."

"போயிட்டு வாங்க."

தடி உயர்ந்தது. நடந்தார்கள். தரை தரையாகவே இருந்தது, ஒன்றும் பின்வாங்கவில்லை. நீலத் தகரத்துக்குக் கீழே மிஸ்டர் கொஸி, இப்போது சீருடையில், மேசைக்குப் பின்னால் ரொம்ப அலுவல்முறையாக உட்கார்ந்து, முன்பின் பார்த்திராதவர்போல ஒவ்வொரு கடவுச்சீட்டாக வாங்கி முத்திரை குத்தினார். கஃபுயி ஓடினாள். சோலையப்பன் முறை வந்தது.

"எத்தனை நாள் தங்குவீங்க?"

பையில் இருந்த ஒப்பந்தத்தில் இரண்டு வருஷம் என்று இருந்தது. சோலையப்பன் திரும்பித் தடிக்கு அந்தப் பக்கம் பார்த்து, இரண்டு நாட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"பொன்னு, எத்தன நாளுன்னு கேக்குறாரு!"

பொன்னுத்தாய் கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம சாயங்காலம் ரெண்டு பேருக்கு ஒல வைப்பேன்னு சொல்லுங்க!"

அவன் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னான். மிஸ்டர் கொஸி தலையசைத்து, அந்தக் கட்டத்தில் நிதானமாக 'வெள்ளிக்கிழமை வரை' என்று எழுதி, மேசையில் வைத்து முத்திரையைக் குத்தினார்.